பட்டணம் கெட்டுப் போயிற்றாம்!

சென்னைப் பட்டணத்தின் நடுவூர் கெட்டுப் போய்விட்டது என்றும், பழைய பட்டணத்தின் அழகும் அடக்கமும் ஒழுங்கும் போன இடம் தெரியவில்லை என்றும் ஒரு கூட்டத்தார் சில காலமாய் ஓயாமல் ஒப்பாரி வைத்து வருகின்றார்கள். 2004-ஆம் வருஷம் முதல் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதியைப் பட்டணத்தின் பிறந்த நாள் என்று கொண்டாடும் வழக்கமும் ஏற்பட்டிருக்கின்றது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கிய நாளாம் அது. அன்றைக்கு மண்டபங்களில் பழைய படங்கள் காட்டப்படுகின்றன. 1895-இல் ஓடத் துவங்கி 1953-இல் நின்று போன மின்சார டிராம் வண்டியின் படம் ஒன்று. 1985-இல் எரிந்து போன மூர் மார்க்கெட்டின் படம் ஒன்று. ஜனமில்லாத மவுண்ட் ரோட்டின் படம் ஒன்று. பார்ப்பவர்கள் பெருமூச்சு விடுகின்றார்கள். "அந்தக் காலம் வருமா?" என்கின்றார்கள்.

வரவேண்டியதில்லை என்பதுதான் நம் அபிப்பிராயம். ஏன் என்று சொல்லுகின்றோம்.

திண்டிவனத்தில் உட்கார்ந்து கொண்டு பட்டணத்தைப் பற்றிப் பேச உங்களுக்கென்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நம்மூர்ப் பக்கத்தில் "பட்டணம் போகிறேன்" என்று ஒருவன் சொன்னால் வேடிக்கை பார்க்கப் போகின்றான் என்று யாரும் நினைப்பதில்லை. ஹைகோர்ட்டில் வழக்கு, ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளி, மகள் கலியாணத்திற்குச் சேலை, பையனுக்கு வேலை, இப்படி ஏதாவது ஒரு முடையினால்தான் போகின்றான். போனவன் நேராக நடுவூருக்குத்தான் போகின்றான். ஆகையால் அந்த நடுவூர் யாருக்காக இருந்தது, இப்பொழுது யாருக்காக இருக்கின்றது என்று கேட்கும் பாத்தியதை மயிலாப்பூரில் இருப்பவர்களுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு மயிலம் ரோட்டில் இருப்பவர்களுக்கும் உண்டு.

முதலில் இவர்கள் அழுகின்ற பழைய பட்டணத்தையே பார்ப்போம். வெள்ளைக்காரன் கோட்டைக்குள் இருந்தான். அதற்கு வெள்ளைப் பட்டணம் என்று பெயர். கோட்டைச் சுவருக்கு வடக்கே நம்மவர்கள் இருந்தார்கள். அதற்குக் கறுப்புப் பட்டணம் என்று பெயர். தோல் நிறத்தைக் கொண்டு ஊரைப் பிரித்தவன் வெள்ளைக்காரன் என்று நாம் கோபித்துக் கொள்ளுகின்றோம். கோபித்துக் கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் கறுப்புப் பட்டணத்துக்குள் இருந்த கறுப்பு மனிதர்கள் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? வலங்கை ஜாதி, இடங்கை ஜாதி என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு, எந்தத் தெருவில் எவன் கலியாண ஊர்வலம் போகலாம், எவன் போகக்கூடாது என்று தடியெடுத்துக் கொண்டு நின்றார்கள். 1652-லேயே இந்தச் சண்டை வந்துவிட்டது. 1707-இல் மறுபடியும் முற்றி, தாமஸ் பிட் என்ற வெள்ளைக்காரக் கவர்னர் நடுவிலே வந்து, இன்ன ஜாதிக்கு இன்ன தெரு என்று பிரித்துக் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. வலங்கையாருக்குப் பெத்துநாயக்கன்பேட்டை என்றும், இடங்கையாருக்கு முத்தியாலுபேட்டை என்றும் பாகம் ஏற்பட்டது இப்படித்தான். வெள்ளைக்காரன் கட்டிய சுவர் ஒன்றே ஒன்று. நம்மவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட சுவர்களோ, தெருவுக்கு ஒன்று. "அந்தக் காலத்து ஒழுங்கு" என்று பெருமூச்சு விடுகின்றவர்கள் எந்த ஒழுங்கைச் சொல்லுகின்றார்கள் என்பதை நாம் தெரிந்து கொள்ள ஆசைப்படுகின்றோம்.

நிற்க, அந்தப் பழைய கறுப்புப் பட்டணமாவது நிலைத்து நின்றதா? அதுவும் இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துக் கொண்டு, சுவரையொட்டி இருந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற இங்கிலீஷ்காரர்கள், எதிரி வீட்டு மறைவில் ஒளிந்து நின்று சுடுவான் என்று சொல்லி, எஞ்சியதையும் கொஞ்சங் கொஞ்சமாய் இடித்து வெளியாக்கினார்கள். குடியிருந்தவர்கள் வடக்கே தள்ளிப் போனார்கள். கோட்டைக்கும் புது ஊருக்கும் நடுவே யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரி முனையில் இன்றைக்கும் இருக்கின்றது. (பாரி என்றவுடன் முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலின் பெயரைப் பட்டணத்தார் வைத்திருக்கின்றார்கள் என்று நம்மூர்ப் பையன்கள் சிலர் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். அவர் தேர் கொடுத்த பாரியல்ல. 1788-இல் வியாபாரத்துக்கு வந்த தாமஸ் பாரி என்ற வெள்ளைக்காரர்.)

இந்த இடிப்பிலே ஒரு சங்கதி மிகவும் கவனிக்கத்தக்கது. இப்பொழுது ஹைகோர்ட்டு நிற்கின்ற இடத்தில் அன்றைக்குச் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. ஊருக்கே பெரிய கோயில் அதுதான். 1757-இல் கம்பெனியார் அதை இடித்தார்கள். பீரங்கிக்கு இடைஞ்சல் என்பது காரணம். மூவுலகத்தையும் அளந்தவர் என்று சொல்லப்படுகின்ற பெருமாள், தாம் இருந்த ஒரு காணி நிலத்தை அளந்து எடுத்துக்கொண்ட வியாபாரக் கம்பெனியை ஒன்றும் செய்துவிடவில்லை. சக்கரம் கையிலேயே இருந்தது. யார் கண்ணும் அவியவில்லை. பிறகு அந்த இடத்தில் கோர்ட்டுக் கட்டடம் எழும்பி 1892-இல் திறக்கப்பட்டது. இப்பொழுது பெருமாள் கோயில் சொத்துக்கே ஒரு தாவா வந்தாலும் அங்கேதான் தீர்ப்பாக வேண்டும்.

ஆனால் பெருமாளுக்கு நஷ்டம் உண்டா என்றால், அதுவும் இல்லை. கம்பெனியில் துபாஷியாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, கம்பெனியாரிடமே மாற்று நிலமும் பண உதவியும் பெற்று, தேவராஜ முதலித் தெருவில் பெருமாளுக்கு ஒன்று, சிவனுக்கு ஒன்று என்று இரண்டு கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் எழும்பின. பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடந்து போகும் தூரந்தான். இடம் போன சாமிக்குக் கூப்பிடு தூரத்திலே இடம் கிடைத்தது, கட்டுச் செலவும் கிடைத்தது, கூட ஒரு துணைச் சாமியும் கிடைத்தது. வாசகர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக் கொள்ளும்படி வேண்டுகின்றோம், பின்னால் தேவைப்படும்.

இனி, பட்டணம் மாறியதில் நல்லதே இல்லையா என்றால், இருக்கின்றது. டிராம் வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த வண்டிக்காக அழுகின்றவர்கள் அதன் மணியோசையை நினைத்து அழுகின்றார்கள். நமக்கு அது வேறு காரணத்துக்காக உயர்ந்தது. காசு கொடுத்தவனுக்கெல்லாம் ஒரே பலகை. பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன ஜாதி என்று கேட்டுவிட்டு டிக்கெட்டு கொடுப்பதற்குக் கண்டக்டருக்கு அவகாசமில்லை. எந்தச் சாஸ்திரமும் செய்யாத காரியத்தை ஓரணா டிக்கெட்டு செய்தது. ஆனால் வண்டியை விட்டு இறங்கினால்? காபி கடைக்குள் மறுபடியும் ஜாதி உட்கார்ந்திருந்தது. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளிலே பிராமணாளுக்குத் தனி இடம், இதராளுக்குத் தனி இடம் என்று பலகை மாட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரே என்ஜின் இழுத்த வண்டியில், ஒரே புகையைக் குடித்து வந்தவர்கள், இட்டிலிக்கு மாத்திரம் இரண்டு வாசல் வழியாகப் போனார்கள். பெரியாரும் தோழர்களும் விடாமல் கிளர்ச்சி செய்து 1941-இல்தான் அந்தப் பிரிவினை எடுபட்டது. 1957-இல் திருவல்லிக்கேணி உணவு விடுதி ஒன்றில் பெயர்ப் பலகையிலிருந்த அந்த ஒரு சொல்லை எடுக்க மாதக்கணக்கில் தினந்தோறும் தோழர்கள் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது. பழைய படம் காட்டுகின்றவர்கள் இந்தப் பலகைகளின் படத்தையும் ஒரு மூலையில் மாட்டினால் என்ன?

இன்றைக்கு அந்தப் பலகை இல்லை. அதற்குப் பதிலாக, வீடு வாடகைக்கு விடும் இடத்தில் "சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும்" என்ற பலகையிருக்கின்றது. கத்தரிக்காய் தின்பவர்களுக்கெல்லாம் அந்த வீடு கிடைத்து விடுமா என்று நம்மூர்ப் பையன் ஒருவன் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். என்ன சாப்பிடுவாய் என்ற கேள்விக்குப் பின்னால் அப்பா பெயர் என்ன, சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேள்வி வரும்.

தெரு என்றவுடன் நினைவுக்கு வருகின்றது. பட்டணத்துத் தெருப் பெயர்களைப் பாருங்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று தபாலில் எழுதும்போதெல்லாம் ஜாதியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கின்றது. நம்மூரிலிருந்து பட்டணத்துக்குப் போகின்ற வழியிலே இருக்கின்ற செங்கற்பட்டிலே, 1929-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்யப்பட்டது. மனிதர்கள் விட்டார்கள். தெருக்கள் விடவில்லை! ஊர், தெருக்களின் பெயர்களிலிருந்து ஜாதியை எடுப்பதற்கு 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அரசாங்கத்தார் ஓர் ஆணை பிறப்பித்தார்கள் என்றால், செங்கற்பட்டிலிருந்து பட்டணத்துக்குத் தீர்மானம் போய்ச்சேரத் தொண்ணூற்றாறு வருஷம் பிடித்திருக்கின்றது. பாசஞ்சர் வண்டி கூட இவ்வளவு தாமதிப்பதில்லை.

அந்த மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். அவர் பெயரால் ஏற்பட்டதுதான் தியாகராய நகரிலுள்ள சௌந்தரபாண்டியன் அங்காடி. ஜனங்கள் வாயில் அது "பாண்டி பஜார்" ஆகி, புதுச்சேரிச் சாமான் விற்கின்ற கடைத்தெரு போலும் என்று நினைக்கின்ற அளவுக்கு வந்து விட்டது. அந்த நகரமே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது. பிட்டி தியாகராயர், பனகால் அரசர், நடேசனார், உஸ்மான் என்று நீதிக் கட்சிக்காரர்களின் பெயர்கள்தான் அதன் பூங்காவிலும் ரோட்டிலும் நிறைந்திருக்கின்றன. கோயிலைச் சுற்றித் தெரு, தெருவுக்கு ஒரு ஜாதி என்ற பழைய முறைப்படி அல்லாமல், பூங்காவை நடுவில் வைத்து அதைச் சுற்றி ரோடு போட்டார்கள். ஏரியைத் தூர்த்தது சரியா என்று இப்பொழுது மழைக் காலத்தில் தண்ணீர் கேட்கின்றது; அது நியாயமான கேள்வி. ஆனால் பட்டணத்து வியாபாரம் கறுப்புப் பட்டணத்தை விட்டுத் தெற்கே நகர்ந்து, நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் போய் இறங்குகின்ற இடமாக அது ஆனதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அந்த நகரத்தில் ரங்கநாதன் தெரு இருக்கின்றது. உள்ளே போனால் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய் மறுபுறம் விட்டுவிடும். "என்ன அசிங்கம், என்ன நெரிசல்!" என்று மூக்கைப் பிடிக்கின்றார்கள் பழம்பட்டணப் பிரியர்கள். நெரிசலில் அசிங்கம் ஒன்றுமில்லை. விலை மலிவான இடத்தில் ஏழை கூடுவான். அசிங்கம் வேறிடத்தில் இருந்தது. ஏழெட்டு மாடிக் கடையில், காலையிலிருந்து இரவு வரை, வெளியூரிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் உட்காராமல் நிற்க வேண்டும். துணி வாங்க வந்தவர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம்! ஆண்டை முன்னால் அடிமை உட்காரக்கூடாது என்ற கிராமத்துச் சட்டம், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த கடைக்குள் நுழைந்து நாகரிகப் பழக்கமாகி விட்டது. 2010-இல் வந்த "அங்காடித் தெரு" என்ற சினிமாப் படம் இந்தக் கொடுமையை ஊரறியச் செய்தது. 2021-இல்தான் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் போடவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. ஒரு மனிதன் கால் நோகும்போது உட்காரலாம் என்பதற்குச் சட்டசபை கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்ததென்றால், நம் சமூகத்தின் முதுகெலும்பு எப்படி வளைந்திருந்தது என்று பாருங்கள். அடுத்த தடவை சேலை எடுக்கப் போகும் தாய்மார்கள், கடைப் பெண்ணைப் பார்த்து "உனக்கு நாற்காலி எங்கே அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் சட்டப் புத்தகத்திலுள்ள நாற்காலி கடைக்கு வந்து சேரும்.

மவுண்ட் ரோட்டில் நம் பக்கத்துக்காரர் ஒருவரின் பெயர் இருக்கின்றது. திண்டிவனத்துக்கு அடுத்த ஓமந்தூரில் பிறந்து 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான ராமசாமி ரெட்டியாரின் பெயரால் அரசினர் தோட்டம் வழங்குகின்றது. அவர் பெரிய பக்தர். கருஞ்சட்டைப் படைக்கு 1948-இல் தடை போட்டதும் அவர் ஆட்சியே. ஆயினும் தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகவும், பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் இழிவு ஒழியவும் 1947-இல் சட்டம் வந்தது அவர் காலத்தில்தான். வகுப்புரிமை உத்தரவில் பிற்படுத்தப்பட்டவர்களுக்குத் தனிப் பங்கு வைத்ததும் அவர்தான். கொடுக்க வேண்டிய மார்க்கைக் கொடுத்துவிட வேண்டும். கவர்னர் மாளிகை இருந்த அந்தத் தோட்டத்தில் 2010-இல் புதுச் சட்டசபை எழும்பி, ஆட்சி மாறியதால் 2014-இல் ஆஸ்பத்திரியாயிற்று. கவர்னருக்கென்று வேலியடைத்த இடத்தில் இப்பொழுது கூலிக்காரன் வைத்தியம் பார்த்துக் கொள்ளுகின்றான். இந்த மாறுதலைக் கண்டு யாராவது ஒப்பாரி வைப்பார்களானால், வைத்துக் கொள்ளட்டும்.

கெட்ட மாறுதலும் உண்டு. நம்மூர் பஸ் முன்பெல்லாம் பிராட்வேயில் போய் நின்றது. இறங்கினால் எதிரே ஹைகோர்ட்டு, சற்று நடந்தால் ஆஸ்பத்திரி. 2002-இல் கோயம்பேட்டுக்குத் தள்ளினார்கள். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்து அங்கே தள்ளினார்கள். கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட்டும் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. குறுகிய தெருவில் லாரியும் பஸ்ஸும் நிற்க இடமில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. மூட்டையும் மாடும் மனிதனும் ஒன்றாய்ப் புரண்ட சாவடியைக் கண்டவர்கள் அதை மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் நிலையத்தை வெளியே கொண்டு போகின்றவர்கள், வருகின்றவனின் வழக்கையும் வியாதியையும் கூடவே வெளியே கொண்டு போகவில்லையே! கிளாம்பாக்கத்திலிருந்து பாரி முனைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். திண்டிவனத்திலிருந்து வந்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறுபடியும் வேறு வண்டி பிடித்துப் போக வேண்டும். கார் வைத்திருக்கின்றவன் நேரே போய்விடுகின்றான். தலைச்சுமையோடு வருகின்றவன்தான் மாறி மாறி ஏறுகின்றான். நெரிசலைக் குறைக்கின்றோம் என்றால் ஏழையைக் குறைக்கின்றோம் என்பதாகவே காரியம் முடிகின்றது.

பஸ்ஸைத் தள்ளியதாவது போகட்டும். மனிதர்களைத் தள்ளியதைச் சொல்லுகின்றோம்.

கூவம் கரையில் தீவுத்திடலையொட்டிச் சத்தியவாணிமுத்து நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து, திராவிட இயக்கத்தில் உழைத்து, 1967-இல் அண்ணாதுரை மந்திரிசபையில் மந்திரியான அம்மையாரின் பெயர் அதற்கு. அங்கே இருந்தவர்கள் சுமை தூக்குகின்றவர்கள், வீட்டு வேலை செய்கின்றவர்கள், மீன் விற்கின்றவர்கள், தெருக் கூட்டுகின்றவர்கள். பட்டணத்து நடுவூர் காலையில் கண் விழிப்பதற்கு முன்னே அவர்கள் விழிக்க வேண்டும். 2019 டிசம்பரில், பள்ளிக்கூட வருஷம் பாதியில் இருக்கும்போதே, ஆற்றைச் சீர்திருத்துவதாகச் சொல்லி அவர்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் துவங்கினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். 2000-ஆம் வருஷத்திலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இப்படியே நடந்து வருகின்றது. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்கின்றார்கள். வெள்ளம் வரும் என்பது உண்மையே. அதே ஆற்றங்கரையில் பெரிய பெரிய கட்டடங்களும் நிற்கின்றனவே, வெள்ளத்துக்கும் ஜாதி தெரியுமா?

இப்பொழுது பழைய கணக்கை எடுங்கள். 1757-இல் வியாபாரக் கம்பெனிக்காரன், பசியில்லாத பெருமாளைக் கிளப்பும்போது நடக்கும் தூரத்தில் மாற்று இடமும் கட்டுச் செலவும் கொடுத்தான். ஏனென்றால் பெருமாளுக்காகப் பேச ஒரு துபாஷி இருந்தார், ஜாதிக் கட்சிகள் இருந்தன. 2019-இல் நம்முடைய ஓட்டு வாங்கிய அரசாங்கம், பசியுள்ள மனிதனைக் கிளப்பும்போது இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மாடி அறை கொடுத்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கூட்டப் போக வேண்டியவள் எந்த பஸ்ஸில் வருவாள், வந்து போகின்ற செலவு போகக் கூலியில் என்ன மிஞ்சும் என்று கேட்க அவளுக்கு ஒரு துபாஷியும் இல்லை.

இது ஒரு கட்சி ஆட்சியின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. திராவிடப் பெயர் தாங்கிய இரண்டு கட்சிகளும் இதில் பங்காளிகளே. 2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். கறுப்புப் பட்டணத்துத் தெருக்கள் சேர்ந்த இராயபுரம் மண்டலத்திலும், திரு.வி.க. நகர் மண்டலத்திலும் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கு எதிரே மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டு 13-ந் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவின் பேரில் என்று சொல்லிப் போலீசார் அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாளே அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி போடப்படும் என்று அறிவிப்பு வந்தது. சிற்றுண்டியை நாம் குறை கூறவில்லை. பசிக்கின்றவனுக்குச் சோறு போடுவது நல்ல காரியமே. அவர்கள் கேட்டது சோறா, வேலையா என்பதுதான் கேள்வி. கூட்டுகின்ற வேலை இன்ன வகுப்பாருக்கே உரியதென்று தலைமுறை தலைமுறையாய் விட்டுவிட்டு, அந்த வேலையிலும் ஒரு நிரந்தரம் கேட்டால் நடைபாதையை அடைத்துக்கொண்டதாகக் குற்றம் என்றால், வலங்கை இடங்கைக் காலத்திலிருந்து பட்டணம் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றது என்பதை அளக்கக் கிலோமீட்டர் கல் தேவையில்லை.

மூர் மார்க்கெட்டுக்காக அழுகின்றவர்களோடு நாமும் ஒரு பத்து நிமிஷம் சேர்ந்து அழத் தயார். அங்கே ஏழைப் பையன் சில்லறைக் காசுக்குப் பழைய புத்தகம் வாங்கிப் படித்தான். அந்தக் கட்டடத்தைப் போல் இன்னொன்று கட்டினாலும் நமக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அடுத்த ஆகஸ்டு 22-ந் தேதி படம் காட்டும்போது, தீவுத்திடலையொட்டி இருந்த அந்தத் தெருக்களின் படத்தையும், ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் படத்தையும் மாட்டுவார்களா? மாட்டுவதாயிருந்தால் சொல்லியனுப்பட்டும். திண்டிவனத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வருகின்றோம். கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டாலும் பரவாயில்லை.